நெருக்கடியும் உலகமயமும்: இடதுசாரிகள் எதைப் பற்றி வாதிடுகிறார்கள்?

"இடதுசாரிகள் உலகமயத்துக்கு எதிரானவர்கள்." "முதலாளித்துவம் தானாக இடிந்து விழும் என்று மார்க்ஸ் சொன்னார், அது விழவில்லை." அரசியல் பேசுகிற எந்த இடத்திலும் இந்த இரண்டையும் கேட்கலாம். இரண்டுமே அரைகுறைப் புரிதல். பொருளாதாரம் ஏன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முட்டி நிற்கிறது, எல்லை தாண்டி ஓடுகிற மூலதனம் அதற்கு மருந்தா நோயா என்று இடதுசாரிகளுக்குள்ளேயே நூறாண்டுக்கும் மேலாகக் காரசாரமான விவாதம் நடக்கிறது. நெருக்கடி ஒரு தலைப்பு, உலகமயம் வேறொரு தலைப்பு என்று பிரித்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விவாதம் தெளிவாகும். பொருளாதாரம் படிக்காதவர்களுக்கும் அது புரியும்.

## பொருள் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை

முற்காலத்தில் மக்கள் பட்டினி கிடந்ததற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. மழை பொய்த்தது, போர் வந்தது, கொள்ளைநோய் வந்தது. பொருள் இல்லை, அதனால் பசி. முதலாளித்துவ நெருக்கடி இதற்கு நேர்மாறு. கிடங்கில் சரக்கு தேங்கிக் கிடக்கும், வாங்க ஆள் இருக்காது. இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும், ஆலை பூட்டியிருக்கும். வேலை தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் சும்மா இருப்பார்கள்.

ஒரு பயிருக்கு ஒரு பருவம் நல்ல விலை கிடைக்கிறது என்று வையுங்கள். அடுத்த பருவம் எல்லோரும் அதையே விதைக்கிறார்கள். ஒவ்வொருவரையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அவர் செய்தது புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் அறுவடை ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்ததும் விலை படுத்துவிடுகிறது, நன்றாக விளைந்ததே விவசாயியைக் கடனாளி ஆக்குகிறது. யாரும் முட்டாள் இல்லை, யாரும் பேராசைக்காரரும் இல்லை. தனித்தனியாகச் சரியான முடிவுகள் சேர்ந்து மொத்தத்தில் ஒரு விபத்தாகின்றன. மிகை உற்பத்தி என்பது இதுதான்: மக்களின் தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி அல்ல, லாபத்தோடு விற்க முடிகிற அளவுக்கு மிஞ்சிய உற்பத்தி.

ஓர் இடத்தில் இந்த ஒப்புமை பொருந்தாது. பயிர் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். தொழிற்சாலையில் போட்ட பணமோ இருபது முப்பது ஆண்டுகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரு விலைச் சரிவு சந்தையோடு நிற்காமல் வங்கி, வேலை, வீடு என்று பரவுகிறது.

வரலாற்றில் இதற்குச் சான்றுகள் நிறைய. 1825-ல் இங்கிலாந்தில் வங்கிகள் வரிசையாக விழுந்ததைத் தொழில் யுகத்தின் முதல் பெரிய நெருக்கடி என்று பலர் குறிப்பிடுகிறார்கள். 1857-ல் அமெரிக்காவில் தொடங்கிய நெருக்கடி கடல் தாண்டி பிரிட்டனுக்கும் ஜெர்மானியத் துறைமுக நகரான ஹம்பர்க்குக்கும் போனது. 1929-ன் பங்குச் சந்தைச் சரிவுக்குப் பின், 1933-ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அதே ஆண்டில் விலையைத் தூக்கி நிறுத்துவதற்காக, வளர்ந்து நின்ற பருத்தியை உழுது அழிக்க அரசே பணம் கொடுத்தது, சுமார் 60 லட்சம் பன்றிகளை வாங்கிக் கொன்றது. பசித்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த நாட்டில் இது நடந்தது. அந்தப் பத்தாண்டில் பிரேசில் தன் காபிக் கொட்டைகளை எரித்தது. 2008-ல் அமெரிக்காவில் கடன் கட்ட முடியாத குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, அவர்கள் விட்டுப்போன வீடுகள் காலியாகக் கிடந்தன.

ஆக, முதலாளித்துவ நெருக்கடியைப் பொருள் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. ஒரு சில பேராசைக்காரர்களின் தவறு என்றும் சொல்ல முடியாது. இதுவரை எல்லா இடதுசாரிப் பிரிவுகளும் ஒத்துப்போகும். சண்டை இதற்கு அடுத்த கேள்வியில் தொடங்குகிறது: ஏன் இப்படி ஆகிறது?

## மூன்று சொற்கள்

விவாதத்துக்குள் போக மூன்று சொற்கள் போதும்.

ஒரு தொழிலாளி ஒரு நாளில் உருவாக்கும் மதிப்பு அவர் வாங்கும் கூலியைவிட அதிகம். இந்த வித்தியாசம் உபரி மதிப்பு. லாபம், வட்டி, வாடகை எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன என்பது மார்க்ஸின் அடிப்படை வாதம். அந்த உபரியை முதலாளி முழுவதும் தின்று தீர்க்க முடியாது, தொழிலில் திரும்பப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் போட்டியாளர் முந்திவிடுவார். இப்படி லாபத்தை மீண்டும் மீண்டும் மூலதனமாக மாற்றுவது மூலதனத் திரட்சி. போட்ட மொத்தப் பணத்துக்கு எத்தனை சதவீதம் லாபம் வந்தது என்பது லாப விகிதம். மொத்த லாபம் வேறு, லாப விகிதம் வேறு. இந்த வேறுபாட்டை மட்டும் மறந்துவிட வேண்டாம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

## முதல் விடை: கூலி போதவில்லை

கேட்டவுடன் புரிகிற விளக்கம் இது. ஒவ்வொரு முதலாளியும் தன் தொழிலாளிக்குக் குறைவாகக் கொடுக்கவே விரும்புகிறார். ஆனால் மற்ற முதலாளிகளின் தொழிலாளிகள் கையில் நிறையப் பணம் இருக்க வேண்டும் என்றும் விரும்புகிறார், அவர்கள்தானே வாடிக்கையாளர்கள். எல்லோரும் கூலியைக் குறைத்தால் சந்தை சுருங்கும், சரக்கு தேங்கும். இதை நுகர்வுக் குறைவு விளக்கம் என்பார்கள்.

போலந்தில் பிறந்த மார்க்ஸியச் சிந்தனையாளர் ரோசா லக்சம்பர்க் 1913-ல் இதற்கு நெருக்கமான ஒரு கேள்வியைப் பெரிதாக எழுப்பினார். தொழிலாளியின் கூலியும் முதலாளியின் சொந்தச் செலவும் போக மீதமுள்ள சரக்கை யார் வாங்குவது? முதலாளித்துவத்துக்கு வெளியே இருக்கும் நாடுகளும் விவசாயச் சமூகங்களும்தான் வாங்க வேண்டும், அதனால்தான் மூலதனம் காலனிகளைத் தேடிப் போகிறது என்றார் அவர். அவருடைய கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று அன்றே பலர் எதிர்த்தார்கள். முதலாளிகளே புதிய இயந்திரமும் மூலப்பொருளும் வாங்கி ஒருவருக்கொருவர் சந்தையாக இருக்க முடியும் என்பது அவர்களின் பதில். ஆனாலும் நெருக்கடியையும் உலக விரிவாக்கத்தையும் ஒரே முடிச்சில் கட்டிய துணிச்சலுக்காகவே அவரைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2008-க்கு இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துவதுபோலத் தோன்றும். அமெரிக்காவில் 1970-களிலிருந்து உற்பத்தித் திறன் ஏறிய வேகத்துக்குச் சாதாரணத் தொழிலாளியின் கூலி ஏறவில்லை. அந்த இடைவெளியைக் கடன் நிரப்பியது. திருப்பிக் கட்ட வசதியில்லாதவர்களுக்கும் வீட்டுக்கடன் அள்ளிக் கொடுக்கப்பட்டது, அது ஒரு நாள் உடைந்தது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கூலி குறைவாக இருப்பது முதலாளித்துவத்தில் எப்போதும் உள்ள நிலைமை. எப்போதும் இருக்கும் ஒன்று, சில ஆண்டுகளில் மட்டும் வெடிக்கிற நெருக்கடிக்கு எப்படிக் காரணமாக முடியும்?

## இரண்டாவது விடை: லாப விகிதம் சரிகிறது

இரண்டாவது விளக்கம் கொஞ்சம் கடினம். ஆனால் விவாதத்தின் மையம் இதுதான், நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு முதலாளி இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் 50, கூலிக்கு 50, ஆக 100 போடுகிறார். உபரியாக 50 வருகிறது. லாப விகிதம் 50 சதவீதம். இப்போது அவர் புதிய இயந்திரம் வாங்குகிறார். ஏன் வாங்குகிறார்? முதலில் வாங்குபவர் மற்றவர்களைவிட மலிவாகத் தயாரித்துச் சந்தை விலைக்கு விற்கலாம், சில காலம் கூடுதல் லாபம் கிடைக்கும். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் வாங்குகிறார்கள். விலை இறங்குகிறது, கூடுதல் லாபம் கரைந்துபோகிறது. கடைசியில் எல்லோர் தலையிலும் பெரிய இயந்திரச் செலவு மட்டும் நிற்கிறது. இயந்திரமும் மூலப்பொருளும் 150, கூலி அதே 50, மொத்தம் 200. உபரி தருவது உழைப்புதான் என்பதால் அது இன்னும் 50-தான். லாப விகிதம் 25 சதவீதமாக இறங்கிவிட்டது.

தொழிலாளியை இன்னும் கடுமையாக வேலை வாங்கி உபரியை 70 ஆக்கினால்? விகிதம் 35 சதவீதம். லாபம் 50-லிருந்து 70-க்கு ஏறியிருக்கிறது, லாப விகிதம் 50-லிருந்து 35-க்கு இறங்கியிருக்கிறது. "கம்பெனிகள் இவ்வளவு லாபம் பார்க்கும்போது நெருக்கடி எங்கே வந்தது?" என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. விகிதம் இறங்கினால் புதிய முதலீடு தயங்கும். முதலீடு தயங்கினால் வேலை குறையும், அப்புறம்தான் கூலியும் வாங்கும் சக்தியும் சுருங்கும். முதல் விளக்கம் காரணம் என்று காட்டியதை இந்த விளக்கம் விளைவு என்கிறது.

மார்க்ஸ் இதை இரும்பு விதியாக எழுதவில்லை. அவர் 1883-ல் இறந்த பிறகு, அவருடைய நண்பர் எங்கெல்ஸ் தொகுத்து 1894-ல் வெளியிட்ட 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில்தான் இந்த வாதம் விரிவாக வருகிறது. அங்கே அதற்குப் போக்கு என்றுதான் பெயர். அதைத் தடுக்கும் காரணிகளுக்கு ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது: உழைப்பைத் தீவிரப்படுத்துவது, கூலியைக் குறைப்பது, இயந்திரமே மலிவாவது, வெளிநாட்டு வணிகம். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள், உலகமயம் உள்ளே வருவது அந்த வாசல் வழியாகத்தான்.

எதிர்ப்பும் வலுவானது. 1961-ல் நொபுவோ ஒகிஷியோ என்ற ஜப்பானியப் பொருளியலாளர், தொழிலாளியின் உண்மைக் கூலி (கூலியால் வாங்க முடிகிற பொருள்களின் அளவு) மாறாமல் இருக்கும்போது செலவைக் குறைக்கிற புதிய தொழில்நுட்பம் பொது லாப விகிதத்தைக் குறைக்க முடியாது என்று கணித வழியில் வாதிட்டார். அவரும் மார்க்ஸியர்தான். அவர் எடுத்துக்கொண்ட அனுமானங்கள் சரியா என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை.

இன்னொரு தவறான புரிதலையும் இங்கே களைந்துவிடலாம். இந்த விளக்கத்தின்படி நெருக்கடி முதலாளித்துவத்தின் சாவு அல்ல. நெருக்கடியில் பலவீனமான கம்பெனிகள் திவாலாகின்றன, அவற்றின் இயந்திரங்கள் அடிமாட்டு விலைக்குப் போகின்றன, வேலை இழந்தவர்கள் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறார்கள். மூலதனத்தின் மதிப்பு குறைந்ததால் லாப விகிதம் மீண்டும் ஏறுகிறது. அமைப்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதற்கான விலையைத் தருவது வேலையும் வீடும் இழந்தவர்கள். இந்த அநியாயம்தான் என்னை இந்த விவாதத்துக்குள் இழுத்தது.

## இன்னும் சில விடைகள்

அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பிரென்னர் 1998-ல் வேறொரு கோணத்தை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியும் ஜப்பானும் எழுந்து அமெரிக்காவோடு ஒரே பொருள்களில் மோதின. விலை இறங்கியும் யாரும் களத்தைவிட்டு விலகவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே போட்ட முதலீடு பெரியது. அதனால் உலகத் தொழில்துறையிலேயே தேவைக்கு மிஞ்சிய ஆலைகள் குவிந்து லாபம் சரிந்தது என்கிறார். வலுவான தொழிற்சங்கங்கள் கூலியை உயர்த்தியதால் லாபம் நசுங்கியது என்று 1970-களில் வேறு சில இடதுசாரிகளே வாதிட்டார்கள். நிதிச் சந்தையைக் கட்டவிழ்த்துவிட்டதே முதன்மைக் காரணம் என்போரும் உண்டு.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். லாபமே இந்த இயந்திரத்தை ஓட்டுகிறது, ஆகவே தேடலை லாப விகிதத்தில் தொடங்குவது சரி. ஆனால் எல்லா நெருக்கடிக்கும் ஒரே காரணத்தைப் பொருத்தும் பிடிவாதம் வரலாற்றுக்கு நியாயம் செய்யாது. 1930-களும் 1970-களும் ஒரே மாதிரி இல்லை.

## உலகமயம் எங்கே நுழைகிறது

1944-ல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் நடந்த மாநாட்டில் உருவான ஏற்பாட்டில் நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டிருந்தன, டாலர் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது. பணம் நாடு விட்டு நாடு பாய்வதை அரசுகள் கட்டுப்படுத்த முடிந்தது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தார். 1973-ல் எண்ணெய் விலை பாய்ந்தது. அந்தப் பத்தாண்டில் விலைவாசியும் வேலையின்மையும் ஒன்றாக ஏறின.

லாபம் சரிந்த மூலதனத்துக்கு ஒரு வழி தேவைப்பட்டது. வழி வெளியே இருந்தது. 1979-ல் பிரிட்டன் மூலதனக் கட்டுப்பாடுகளை நீக்கியது, மற்ற நாடுகளும் அடுத்தடுத்து நீக்கின. கன்டெய்னர் கப்பல்கள் சரக்குப் போக்குவரத்தை மலிவாக்கியிருந்தன. சீனா 1978-க்குப் பின் கதவு திறந்து 2001-ல் உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. சோவியத் முகாம் 1991-க்குள் உடைந்துபோனது. கோடிக்கணக்கான புதிய தொழிலாளர்கள் ஒரே உலகச் சந்தைக்குள் வந்து சேர்ந்தார்கள். மூலதனத்துக்குக் கூலி மலிவானது, லாப விகிதத்துக்கு மூச்சு கிடைத்தது.

உலகமயம் என்ற சொல்லைப் பலரும் இணையம், பயணம், பிறநாட்டுப் பொருள்கள் என்று புரிந்துகொள்கிறார்கள். இந்த விவாதத்தில் அந்தச் சொல்லின் பொருள் குறுகியது, கூர்மையானது: உற்பத்தியையும் பணத்தையும் நாட்டெல்லை தாண்டி நகர்த்த மூலதனத்துக்குக் கிடைத்த சுதந்திரம். மூலதனம் நெருக்கடியைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்று புவியியலாளர் டேவிட் ஹார்வி விளக்குகிறார். 1982-ல் மெக்சிகோ கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 1997-ல் தாய்லாந்தின் நாணயம் சரிந்தது, 1998-ல் ரஷ்யா, 2001-ல் அர்ஜென்டினா. கடைசியில் 2008 செப்டம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானபோது நெருக்கடி அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது.

சுருக்கமாகச் சொன்னால், 1970-களின் நெருக்கடியிலிருந்து தப்பிக்க மூலதனம் எடுத்த வழி உலகமயம். அடுத்தடுத்த நெருக்கடிகள் வேகமாகப் பரவுவதற்கும் அதே வழிதான் பயன்பட்டது.

## அரசு பலமிழந்ததா?

இதை ஏற்பவர்களும் அடுத்த அடியில் பிரிகிறார்கள். மூலதனம் நினைத்த நேரத்தில் வெளியேற முடியும் என்றால், ஓர் இடதுசாரி அரசால் என்ன செய்ய முடியும்?

ஒரு தரப்பு பிரான்ஸைக் காட்டும். 1981-ல் சோஷலிஸ்ட் மித்தரான் அதிபரானார். வங்கிகளையும் பெருந்தொழில்களையும் தேசியமயமாக்கினார், குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினார். மூலதனம் வெளியேறியது, இறக்குமதி பெருகியது, பிரெஞ்சு நாணயமான பிராங்கின் மதிப்பை மூன்று முறை குறைக்க வேண்டியதாயிற்று. 1983 மார்ச்சில் அரசு செலவைக் குறைக்கும் சிக்கனப் பாதைக்குத் திரும்பியது. தனி நாடாகச் சோஷலிசம் பேசும் காலம் முடிந்துவிட்டது என்பது இந்தத் தரப்பின் முடிவு. 2015 கிரேக்கமும் அவர்களுக்குச் சான்று: கடன் கொடுத்தவர்கள் விதித்த சிக்கன நிபந்தனைகளுக்கு 61 சதவீதம் பேர் வாக்கெடுப்பில் மறுப்புச் சொன்ன சில நாட்களிலேயே அரசு அவற்றை ஏற்றுக்கொண்டது.

மறுதரப்பு சொல்வது வேறு. மூலதனக் கட்டுப்பாட்டை நீக்கியது யார்? வணிக ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது யார்? 2008-ல் வங்கிகளைக் காப்பாற்றியது யார்? எல்லாமே அரசுகள், குறிப்பாக அமெரிக்க அரசு. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் லியோ பானிட்ச், சாம் கின்டின் இருவரும் இந்த வாதத்தை விரிவாக எடுத்துவைத்தவர்கள். அவர்கள் பார்வையில் உலகமயம் அரசுகளைத் தாண்டி வளர்ந்த ஒன்றல்ல, அரசுகள் கட்டியது. கட்டியதைப் பிரிக்கவும் முடியும். 1998 செப்டம்பரில் மலேசியா மூலதன வெளியேற்றத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. நிபுணர்கள் பலர் எச்சரித்த பேரழிவு வரவில்லை. மலேசிய அரசு இடதுசாரி அரசு அல்ல என்றாலும், கருவி வேலை செய்யும் என்று அது காட்டியது. இந்த வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது.

மூன்றாவது குரல் ஏழை நாடுகளிலிருந்து வருகிறது. உலகம் மையம் (பணக்கார நாடுகள்), விளிம்பு (ஏழை நாடுகள்) என்று பிரிந்திருக்கிறது. விளிம்பு நாடுகளின் பல மணிநேர உழைப்பு மையத்தின் சில மணிநேர உழைப்புக்கு ஈடாகக் கைமாறுகிறது. இதற்குச் சமனற்ற பரிமாற்றம் என்று பெயர். எகிப்தில் பிறந்த பொருளியலாளர் சமீர் அமின் இதற்குத் தீர்வாகத் துண்டிப்பு என்ற கருத்தை முன்வைத்தார். கதவை அடைத்துக்கொண்டு உட்காருவது என்று அதைத் திரித்துப் பேசுகிறார்கள். வெளிநாட்டு உறவுகள் உள்நாட்டு மக்களின் தேவைக்குக் கட்டுப்பட வேண்டும், மறுபக்கமாக அல்ல, என்பதுதான் அவர் சொன்னது.

உலகமயத்தை எதிர்க்கும் வலதுசாரிகளிடமிருந்து இவர்கள் எல்லோரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். வலதுசாரி எதிர்ப்பு, வெளியிலிருந்து வரும் தொழிலாளியைக் குறிவைக்கிறது. இடதுசாரி எதிர்ப்பு, நினைத்தபடி ஓடும் மூலதனத்தைக் குறிவைக்கிறது. 1999-ல் சியாட்டிலில் உலக வணிக அமைப்பின் மாநாட்டை முற்றுகையிட்டவர்களிலும், 2001-ல் போர்ட்டோ அலெக்ரியில் உலக சமூக மன்றத்தில் கூடியவர்களிலும் பெரும்பாலோர் உலகம் இணைவதை எதிர்க்கவில்லை. யாருடைய விதிகளின்படி இணைவது என்பதே அவர்கள் கேள்வி.

## நோய் எதுவென்று சொல்கிறோமோ, அதைப் பொறுத்ததே மருந்து

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். கூலிக் குறைவே காரணம் என்றால், கூலியை உயர்த்தி வரியைச் சீராக்கினால் முதலாளித்துவத்தையே ஓரளவு நிதானமாக நடத்தலாம். நிதிச் சந்தையே காரணம் என்றால், அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் டோபின் 1972-ல் யோசனை சொன்ன நாணயப் பரிமாற்ற வரி போன்றவை போதும். லாப விகிதச் சரிவே காரணம் என்றால் கதை வேறு. கூலி உயர்வு லாபத்தை இன்னும் சுருக்கும், முதலாளிகள் முதலீட்டை நிறுத்துவார்கள். அப்படியானால் கூலிக்காகப் போராடக் கூடாது என்று பொருள் இல்லை. எங்கே, எதற்கு முதலீடு என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தையும் சேர்த்துக் கேட்காமல் அந்தப் போராட்டம் நிலைக்காது என்று பொருள்.

இப்போது விவாதம் புதிய இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2008-க்குப் பிறகு உலக உற்பத்தியோடு ஒப்பிட்டால் உலக வணிகம் பழைய வேகத்தில் வளரவில்லை. 2018-லிருந்து அமெரிக்காவும் சீனாவும் ஒன்றின் பொருள் மீது மற்றொன்று சுங்க வரி போட்டுவருகின்றன. 1914-ல் ஜெர்மானிய மார்க்ஸியர் கார்ல் காவுட்ஸ்கி, வல்லரசுகளின் மூலதனங்கள் ஒரு கட்டத்தில் கைகோத்து உலகைச் சேர்ந்து சுரண்டக்கூடும் என்று எழுதினார். லெனின் அதை மறுத்தார்: நாடுகள் சமமாக வளர்வதில்லை, அதனால் எந்தக் கூட்டும் தற்காலிகமே, பங்கீட்டுச் சண்டை மீண்டும் வரும். 1990-களில் காவுட்ஸ்கியின் கணிப்பு பொருந்துவதுபோலத் தெரிந்தது. சுங்க வரிகளுக்குப் பிறகு லெனினின் பக்கம் மீண்டும் ஆள் சேர்கிறது. வரிச் சுவருக்குப் பின்னால் தொழிற்சாலைகள் சொந்த நாட்டுக்குத் திரும்பினால் கூலி உயரும் என்று சிலர் நம்புகிறார்கள். மலிவான கூலியால் தூக்கி நிறுத்தப்பட்ட லாப விகிதம் அப்போது என்ன ஆகும் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.